பதிமூன்று வாரம்

உறைந்த தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு
முகாமின் சலவை அறைக்கு நடந்தேன்.
கழிபோல் விறைத்திருந்தது, கதவில் நுழைய மறுத்தது.
ஹேர் டிரையரை வண்டியருகே போட முடியாது,
மார்லிஸ் இப்போதுதான் கண்ணை மூடினாள்.
மைனட், வடக்கு டகோட்டா. ஜனவரி.
எங்கள் ஒன்பதாவது ஒப்பந்தம்.

பகலில் ராத்திரி செய்வது என் உத்தியோகம்.
ஜன்னல்களுக்கு அலுமினியத் தாள்.
கெட்டிலை விசிலுக்கு ஒரு மூச்சு முன்னால் இறக்குவது.
நாயின் கழுத்து மணியைக் கழற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்;
அது சத்தமில்லாமல் நடக்கும்,
நான் கிணுகிணுப்பேன்.

அதற்கு முன்பு
பத்தொன்பது வருஷம் அட்டம்வாவில்
பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்திருந்தேன்.
ஒவ்வொரு ஊரிலும் நூலக அட்டை வாங்குகிறேன்.
தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும்.
ஒருமுறை மெக்கானிக் என்றேன், ஒருமுறை ஓட்டுநர்.
கேலப்பில் வெறுமனே விட்டேன்.
மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு
கணவர் என்று தானே எழுதிக்கொண்டாள்.
தப்பு சொல்ல முடியவில்லை.

முதல் வாரம்
மருந்து அலமாரியின் எண்ணை
அவளுக்கு யாரும் சொல்வதில்லை.
பன்னிரண்டாம் வாரம் கேக் வெட்டுகிறார்கள்.
மிச்சத்தைத் தட்டில் மூடிக் கொண்டுவருவாள்.
அதைத் தின்றுதான்
நான் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கிளம்புகிறேன்.

பெயர்களைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.
காலையில் ஷூவைக் கழற்றியபடி எண்களைச் சொல்வாள்:
மூன்று தூங்கவே இல்லை.
நான்கு வீட்டுக்குப் போய்விட்டது.
ஐந்து என்மேல் ஜூஸை வீசியது.
ஏழு
நன்றாகச் சாப்பிட்டது.

ஆறைத் தாண்டிவிட்டாள்.
நான் கேட்கவில்லை.
முட்டையைத் திருப்பிப் போட்டேன்.

கேலப்பின் சலவைக் கடையில்,
சனிக்கிழமை,
உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள்
அவளுடைய எலுமிச்சை போட்ட தொப்பி சுற்றிக்கொண்டிருந்தது.
பக்கத்துப் பெஞ்சில் எமெட் பெனாலி என்றொருவர்,
மடியில் யாரோ ஒரு பெண்ணின் போர்வை.
நெடுநேரம் அந்த வட்டத்தையே பார்த்தார்.
"அந்தத் தொப்பி ராத்திரி நர்ஸுடையது" என்றார்.
"ஆறாம் அறை. லியோனா. என் தங்கை.
அவள் தலைமுடியைச் சிக்கெடுத்து, கழுவிப் பின்னிவிட்டாள்.
விடிய விடிய ஆயிற்று."
காசு தீர்ந்து எந்திரம் நின்றது.
தொப்பியை மடிக்க எனக்குத் தெரியவில்லை.
அவர் தன் முழங்கால்மேல் வைத்து மடித்துத் தந்தார்.

நான் வீட்டுக்குப் போய் எதுவும் சொல்லவில்லை.
என்ன சொல்வது?
மூன்று வாரம் அந்தப் பெயர்
மணியோடு என் சட்டைப் பையில் கிடந்தது.

பிறகு மெயின் மாநிலத்துக்குப் புதிய ஒப்பந்தம்.
கழிவுக் குழாயைப் பிடுங்கி, கொக்கி மாட்டி,
பிரேக் விளக்கை இரண்டு தரம் பார்த்துக் கிளம்பினோம்.
டுகும்காரி தாண்டி, பக்கத்து இருக்கையில் அவள்,
முகத்தில் வெயில், கண் மூடியபடி.
தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் சொல்லிப் பார்த்தேன்:
லியோனா.

மைல் கல் ஒன்று போனது. இன்னொன்று.
"பீச் பழம் கேட்டாள்,
டப்பாவில் வருமே, அது" என்றாள் மார்லிஸ்.
கண்ணைத் திறக்கவில்லை.
"ராத்திரி இரண்டு மணி. கேண்டீன் பூட்டியிருந்தது.
காலையில் வாங்கித் தருகிறேன் என்றேன்."

அடுத்த பெட்ரோல் நிலையத்தில் அவளே இறங்கிப் போனாள்.
ஒரு டப்பா.
திறப்பான் பின்னால் வண்டியில்
எந்தப் பெட்டியில் என்று இருவருக்கும் தெரியாது,
தேடவும் இல்லை.
டாஷ்போர்டின்மேல் வைத்தாள்.
ஒவ்வொரு வளைவுக்கும் உருண்டது.
இடப்பக்கம் வந்தால் நான் பிடித்தேன்,
வலப்பக்கம் போனால் அவள்.
நாய் காதை மட்டும் தூக்கிக் கேட்டுக்கொண்டு வந்தது.
அமரில்லோவுக்கு இன்னும் எண்பது மைல்.