ஐந்துக்கு மூன்றரை

ஜெய்லானி,
எந்தக் கேமுக்குக் காசு கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய்.
நாலாயிரம் மூட்டை, ஒரு டார்ச்,
உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து
சலித்துப் போட்ட கைக்கருவி.
கொள்முதல் நிலையத்து ராக்காவலனைவிட
நேரமுள்ள விமர்சகன்
நீடாமங்கலம் வட்டாரத்தில் உனக்குக் கிடைக்க மாட்டான்.

அந்த விவசாய கேம் வேண்டாம்.
மூன்று நிமிஷத்தில் கோதுமை விளைவதை மன்னித்துவிடலாம்,
கேம் என்றால் காலத்தைச் சுருக்கத்தான் வேண்டும்.
ஆனால் அறுத்த கணமே காசு விழுகிறது.
சாக்கு இல்லை என்று சொல்ல ஆளில்லை,
லாரி நாளைக்கு வரும் என்று
நாலு நாள் சொல்ல ஆளில்லை.
எதிரியே இல்லாத ஆட்டம்.
பசுவை மட்டும் பார்த்துச் செய்திருக்கிறார்கள்,
வாலால் ஈ ஓட்டுகிறது.
வாலுக்கு அரை மதிப்பெண்.

கார் பந்தயம் பரவாயில்லை.
கொரடாச்சேரி வளைவில் பஸ் பின்பக்கத்தை ஆட்டும்போது
வயிற்றில் ஒன்று இடம் மாறுமே,
அது விரலுக்கு வருகிறது.
பாட்டு சகிக்கவில்லை.
அணைத்துவிட்டுத் தவளைகளோடு ஓட்டு.

வாள் கேமில் எட்டுக்கை அரக்கி
என்னை நாற்பத்தொரு தடவை கொன்றாள்.
நாற்பத்தொன்றும் என் தப்பு.
குனிய வேண்டிய இடத்தில் பாய்ந்தேன்,
பாய வேண்டிய இடத்தில் ஆசைப்பட்டேன்.
அந்த நேர்மைக்காக அவள் மேல் எனக்குக் கோபமில்லை.
செத்தபின் அதே படிக்கட்டை
விளக்கடியிலிருந்து மறுபடி இறங்க வைக்கிறார்களே,
அதுதான்.
ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்குத்
தாலுகா ஆபீசுக்கு இன்னொரு நடை.
தூணுக்குப் பின்னால் போனால் கேமராவும் தூணையே பார்க்கிறது.

இனி நீ கேட்டது, ஐந்து பேர் சேர்ந்து சுடுவது.
அட்டியின் உச்சியில் ஏறினால்தான் எனக்கு டவர்.
சட்டை விற்கிறார்கள், தொப்பி விற்கிறார்கள்,
துப்பாக்கிக்குப் பூப்போட்ட உறை விற்கிறார்கள்,
வாங்காதே, குறி அதனால் தப்பாமல் இருக்காது.
ஆனால் சத்தம், ஜெய்லானி.
இடது காதுக்குப் பின்னால் ஒருவன் சரளையில் நடப்பது தெரியும்.
மழை பெய்தால்
தகரத்தில் ஒரு மழை, வாழையில் ஒரு மழை,
செத்தவன் இரும்புத்தொப்பியில் ஒரு மழை.

முந்தாநாள் ராத்திரி இரண்டு பத்துக்கு
அப்படி ஒரு மழை பிடித்தது.
என்னமாய்ச் செய்திருக்கிறான் என்று வியந்துகொண்டே
எதிரியின் கூடாரம்வரை போய்விட்டேன்.
திரை நனைந்தது.
விரல் வழுக்கியது.

இறங்கியபோது களத்தில் டார்ச் இல்லாமல்
தார்ப்பாயை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார்
மடப்புரம் தனக்கோடி அக்கா.
எடை போடாத அவர் நெல், மூன்று நாள் குவியல்.
நேற்று சாயங்காலம் ஈரப்பதம் பதினேழு,
காலையில் முதல் ஆள் அவர்தான் என்று சொல்லியிருந்தேன்.
மறுமுனையை நான் பிடித்தேன்.
லாரிக்கடியில் தூங்கிய வைரக்கண்ணு எழுந்து கல் வைத்தான்.
அக்கா என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார்.
அது இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.

மேலே வந்தால் திரையில் எழுதியிருக்கிறது:
ஆட்டத்தை விட்டுச் சென்றீர்கள்,
முப்பது நிமிடம் தடை.
நாலு பேர் எனக்குத் தெரியாத பாஷையில்
எனக்குப் புரிகிறபடி திட்டியிருந்தார்கள்.
நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது.
அதைக் குறையில் எழுதவா என்று
தடை முடியும்வரை யோசித்தேன்.

காலையில் கருவி இருபத்தொன்று காட்டியது.
காயப் போட்டிருக்கிறார், வெயில் இன்னும் வரவில்லை.

வாங்கு. மழைக்காக வாங்கு.
ஐந்துக்கு மூன்றரை.
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு.
வாள் கேம் இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும்,
நாற்பத்திரண்டாவது தடவை பாக்கி இருக்கிறது.