எட்டாம் அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு

பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
நாவலில் பதினாலு பக்கம்.
நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூருக்கு ஒரு சொலவடை உண்டு.
வால் மாதிரி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்:
நாவல் இல்லாத பாட்டு வரிசை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து லாட்ஜில்
எனக்கு இரவுப் பணி.
பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள்
ஹவுரா ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்கள்.
ஆதார் நகல், முன்பணம், வெந்நீர் காலை ஆறுக்கு என்று
எனக்குத் தெரிந்த பதினோரு வங்காளச் சொற்களில்
சொல்லி முடித்தால்
அப்புறம் நானும் டியூப்லைட்டும்தான்.
பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
முனிரத்தினம் மணல் லாரி ஓட்டுகிறான்.

அவனுக்காக முதலில் சேர்த்தது
ஒற்றைக் கிளாரிநெட்.
மூன்று வாரம் அதைக் கேட்டே எழுதினேன்.
படித்துப் பார்த்தால்
ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு
பெருமூச்சு விட்டபடியே இருக்கிறான்.
"இன்னாபா நீ, வண்டிய எடுப்பா" என்று
கிளீனர் துளசிங்கம் சலித்துக்கொள்கிறான்.
அந்த வசனத்தை நான் யோசிக்கவே இல்லை.
கிளாரிநெட்டை நீக்கினேன்.
அன்று ராத்திரியே லாரி ஆற்காடு தாண்டியது.

வார்த்தை உள்ள பாட்டு வேறு மாதிரித் தொல்லை.
அங்கே கண்ணே என்றால்
இங்கே பேனாவும் கண்ணே என்கிறது.
தேசம்மாளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
முனிரத்தினம் "இந்தாமே" என்பான்,
அதுவும் காசு கேட்கும்போது.

ஏழு, வெள்ளம்.
மழைப் பாட்டாகவே பத்தொன்பது பொறுக்கினேன்.
ஒரு வரிகூட நனையவில்லை.
நாலு நாள் கழித்து உறைத்தது:
பாலாற்றுக்குத் தண்ணீர் வர
இங்கே மழை வேண்டியதில்லை.
அது ஆந்திராவில் பெய்துவிட்டிருக்கும்.
இங்கே வெயிலில் துணி காயும்;
மணல்மேல் ஒரு பழுப்புக் கோடு
அறுந்த செருப்பு, பாட்டில், தெர்மாகோல் எல்லாம்
முன்னால் தள்ளிக்கொண்டு நகர்ந்து வரும்.
பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திப் படம் பிடிப்பார்கள்.
பத்தொன்பதையும் நீக்கிவிட்டு
தேசம்மாள் துணி எடுக்க ஆற்றில் இறங்கினாள்
என்று எழுதினேன்.

எட்டில் அவள் சாகவேண்டும்.
அதற்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தேன்:
நாதஸ்வரத்தில் முகாரி, பதினேழு நிமிடம்.
காதில் இயர்போன் இருக்கிற நினைப்பில் தட்டினேன்.
முதலாளி போன மாதம் மாட்டிய
வரவேற்பறை ஸ்பீக்கர்
என் போனை அடையாளம் கண்டுகொண்டது.
இரவு இரண்டே காலுக்கு
மூன்று மாடிக்கும் முகாரி.

நிறுத்தத் தடவிக்கொண்டிருந்தபோது
207 படியிறங்கி வந்தார்.
தபன் மண்டல், மால்டா.
மனைவிக்கு விடிந்தால் ஆபரேஷன்.
மன்னிப்புக்கான சொல் என் பதினொன்றில் இல்லை.
அவர் இந்தியில் ஒற்றைச் சொல் கேட்டார்:
"ஷாதி?"

இருபது நாளாக இந்தச் சந்தில் இருக்கிறார்.
மாப்பிள்ளை ஊர்வலங்களில்
இந்தக் குழலைப் பார்த்திருக்கிறார்.
மேலே மனைவி கண் விழித்து
யாருக்கோ கல்யாணம், நல்ல சகுனம்,
கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறாள்.
கையை ஆட்டி ஆட்டி இதைச் சொல்ல
அவருக்கு நேரம் பிடித்தது.

முகாரி இன்னதற்கென்று நான் விளக்கவில்லை.
"ஷாதி" என்றேன்.
நிறுத்தப் போன விரலைப் பார்த்து
வேண்டாம் என்று தலையசைத்தார்.
சத்தத்தைப் பாதியாக்கினேன்.
படியில் மூன்றாவது கட்டில் உட்கார்ந்து,
மேலேயும் கேட்கிறதா என்று
ஒரு காதை மாடிப்பக்கம் சாய்த்தபடி
முழுசாய்க் கேட்டுவிட்டுப் போனார்.

பதிவேட்டில் தேசம்மாள்
முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள்,
ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு.
எட்டுக்கு வேறு பாட்டு தேட வேண்டும்.
இல்லை, பாட்டு இருக்கட்டும்,
அவளைக் கரையேற்றி
யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது அனுப்ப வேண்டும்.
முனிரத்தினம் என்ன சொல்வானோ.

ஐந்தரை.
207-க்கு இன்றைக்கு இரண்டு வாளி,
கொஞ்சம் சீக்கிரமாகவே.