கொருக்குப்பேட்டை கேட்

மறுபடியும் மூடிட்டான்.
மீன்பாடி வண்டி ஒன்று, ரெண்டு ஷேர் ஆட்டோ,
ஒழுகிக்கொண்டே நிற்கும் தண்ணி லாரி,
ஒரு காலை ஊன்றி சைக்கிளில் ஒரு டியூஷன் பையன்,
பிறகு என் ஸ்கூட்டர்.
கால் வைக்கிற இடத்தில் பழைய பெட்ஷீட் சுற்றிய டோலக்.

போன சனிக்கிழமை
தண்டையார்பேட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டு.
கீபோர்டு ஒண்ணில் இறங்கும் இடத்தில்
தேசப்பனின் பேடு அரை மூச்சு தள்ளி விழுந்தது.
ஒருமுறை அல்ல, பாட்டு முழுக்க.
"கை லேட்டாவுதுப்பா" என்றேன்.
மைக் ஆனில் இருந்திருக்கிறது.
பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு நாள் பேச்சில்லை.
இன்று காலை ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்:
"லேட்டுன்னா, ஒண்ணு எங்க கீதுன்னு தெரியாம அடிக்கிறது."

எண்ணூர்ப் பக்கமிருந்து நிலக்கரி வருகிறது.
கேட்டை ஒட்டித் தண்டவாளத்தில் ஒரு மூட்டு,
சக்கரம் ஏறும்போதெல்லாம் வாய் திறக்கும்.
டக்டக் என்று ஒட்டி,
நடுவில் கொஞ்சம் வெறும்,
மறுபடி டக்டக்.
வேகனுக்கு நாலு.
சத்தம் நொண்டுகிறது.
வேகன் நொண்டவில்லை.

என்னைக் கேட்காமலே
ஹேண்டில்பாரில் விரல்கள் அஞ்சைப் பிடித்துக்கொண்டன.
தகதகிட.
ரெண்டாவது வேகன் தொடங்கும்போது
நான் இன்னும் முதல் சொல்லின் கடைசி 'ட'வில்.
மூணாவதுக்கு என்னிடம் இருந்தது 'கி'.
நாலாவதுக்கு நடுவில் வரும் 'த'.
அஞ்சாவதுக்கு 'க'.
பார்ப்பவருக்கு நான் தடுமாறுகிறேன்.
ஆறாவது வேகனும் நானும்
ஒரே நேரத்தில் முதல் 'த'வில் கால் வைத்தோம்.

அப்புறம் மறுபடி பிரிவு.
மறுபடி சேர்வு, பதினொண்ணில், பதினாறில்.
ஆட்டோவில் ஒரு அம்மா
கறிவேப்பிலை ஆய்ந்தபடி என் விரலையே பார்க்கிறாள்.
எட்டு முறை சேர்ந்தோம்.
நாற்பத்திரண்டாவது வேகன் தீர்ந்தபோது
என் வாயில் பாதிச் சொல்:
தகத.

இனி என்ன, அந்தரத்தில் விட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.
கடைசியில் கார்டு பெட்டி,
பச்சைக் கொடி, குட்டிப் பெட்டி,
ரெண்டே ரெண்டு அச்சு.
கி.
ட.

அடுத்த ஒண்ணு விழுந்தது.
அடிக்க ரயில் இல்லை,
விரலையும் நான் எடுத்துவிட்டிருந்தேன்.
கரித்தூள் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.
ஆனாலும் விழுந்தது,
எந்த இடத்தில் என்று என்னால் காட்ட முடியும்.

சைக்கிள் பையன் அதிலிருந்து அரை மூச்சு தள்ளி
பெடலை மிதித்தான்.
தெரிந்தா, தெரியாமலா?
மிதியில் வித்தியாசம் தெரியவில்லை.
அவனை நிறுத்திக் கேட்கவும் முடியாது,
பின்னால் லாரிக்காரன் ஹாரனை எடுப்பதில்லை.

தேசப்பா, வந்துகொண்டிருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் நீ தள்ளியே விழு.
சாரியை மைக்கில் சொல்கிறேன்.