தொண்ணூறு முறை

பஸ்கா முதல் நாள் காலையில்
மழையை நிறுத்தினோம்.
வானத்தில் அல்ல, வாயில்.
"காற்றை வீசவைத்து மழையை இறக்குபவனே" என்று
ஆறு மாதமாய் நின்றபடி முணுமுணுத்த வரி
இனி அக்டோபர் வரை கிடையாது.

எருசலேமின் வயல்களுக்குப் போட்ட கணக்கு அது.
மொந்தேவிதேயோவில் அன்றுதான்
தெற்கிலிருந்து காற்று கிளம்பி
ஆற்றோரச் சாலையில் குடைகளை மல்லாத்திக்கொண்டிருந்தது.
தொப்பி சொட்டச் சொட்ட
ஜெப ஆலயத்துக்குள் வந்த பெர்கோவிச்
விரலை மேலே காட்டினார்:
"அங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை போல."

சட்டம் நாக்கை நம்புவதில்லை.
முப்பது நாள் தவணை கொடுத்திருக்கிறது.
அதற்குள்
'மழையைச் சொன்னேனா, சொல்லவில்லையா' என்று
சந்தேகம் வந்தால்
சொன்னதாகவே கணக்கு.
பழகிய மாடு பழகிய கொட்டிலுக்குத்தான் போயிருக்கும்.
பாதங்களைச் சேர்த்து நின்று
மறுபடி முதலிலிருந்து.

குறுக்குவழி ஒன்று உண்டு.
மழை நீங்கிய அந்த வரியைத்
தொண்ணூறு முறை சொல்லிவிட்டால்
நாக்கு திருந்தியதாய்ச் சட்டம் ஒத்துக்கொள்ளும்.

பண்டிகை முடிந்த மறுநாள்
மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்து
மருந்துச்சீட்டின் பின்புறம் கோடு கிழித்துக்கொண்டே சொன்னேன்:
இறந்தோரை எழுப்புபவன் நீ, மீட்க வல்லவன்,
உயிரோடிருப்போரைக் கருணையால் தாங்குபவன்.
இறந்தோரை எழுப்புபவன் நீ...
அறுபத்து மூன்றாவதில்தான் கவனித்தேன்,
இத்தனை நாளும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்
மழை பெய்துகொண்டிருந்தது.
இப்போது
தோளோடு தோள் இடிக்கிறது.

"என்ன எண்ணுகிறீர்கள்?"
என்றாள் தோனியா எல்விரா,
ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடியபடி.
கீழ்வரிசை எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன்.
தெரியவில்லை என்றாள்.
அறுபத்து நான்கு.

என் தங்கை ஃபெய்காவை அடக்கம் செய்தது
பண்டிகைக்குப் பதினொரு நாள் முன்பு.
ஏழு நாள் தாழ்ந்த முக்காலி.
முப்பது நாள் கத்தி படக்கூடாத முகம்.
ஆனால் பண்டிகை வந்தால்
மிச்சத் துக்கம் ரத்து; அதுவும் சட்டம்.
முந்தின நாள் சவரம் செய்துகொண்டேன்.
சோப்பு நுரையோடு பத்தொன்பது நாள்
குழாயடியில் சுழன்று இறங்கியது.

பதினான்கு மாதம்,
"எங்களைக் குணமாக்கு" என்னும் எட்டாம் ஆசியில்
அவள் பெயரைச் செருகி வந்தேன்:
ஸ்லாத்தாவின் மகள் ஃபெய்கா.
நோயில் கிடப்பவரைத்
தாயின் பெயர் சொல்லி ஒப்படைப்பது எங்கள் வழக்கம்.
குழி மூடிய பின்
அவள் ஹெர்ஷின் மகள் ஃபெய்கா.
ஆஸ்பத்திரி வரை அம்மா,
அதற்கப்பால் அப்பா.
இடுப்பு மாறும் குழந்தை மாதிரி
கை மாறினாள்.

அன்று மாலைத் தொழுகை.
மழை வரவில்லை. தொண்ணூறின் பலன்.
நிம்மதியாய்ப் படி இறங்குவதுபோல்
ஆசி ஆசியாய் இறங்கினேன்.
எட்டாவதில்
ஸ்லாத்தாவின் மகள் என்று வாய் சொல்லிவிட்டது.

ஓசையில்லாத தொழுகை, யாருக்கும் கேட்கவில்லை.
நகரக்கூடாத நேரம், நகரவுமில்லை.

பெர்கோவிச் சலவைக்கடை வைத்திருக்கிறார்.
சட்டத்தில் கறை எங்கே போகும், எங்கே போகாது என்று
தெரிந்தவர்.
காதுமடலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.
"முடிந்துபோனதற்கு வேண்டினால் வீண் ஜெபம்.
அது தப்புதான்."
பிறகு இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார்.
"ஆனால் மழைக்குத்தான் திரும்ப வேண்டும்.
பெயருக்குத் திரும்பாதே. மேலே போ."

அவருக்குப் பின்னால் கம்பியில்
அவளுடைய சாம்பல் கோட்டு தொங்கியது.
ரசீது என் பையில்தான் இருந்தது.
நான் நீட்டவில்லை.
அவரும் கேட்கவில்லை.

ஒரு பெயரைச் சொல்லாமலிருக்க
எதைத் தொண்ணூறு முறை சொல்வது?

நாக்குக்கு இன்னும் இருபத்தொரு நாள் தவணை.
நேற்றும் எட்டாம் ஆசியைக் கடந்த பின்
சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை.
சந்தேகத்தின் பலனை
அவளுக்கே கொடுத்தேன்.