வாத்தின் நெஞ்சு

பாதிரியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
"பத்து நிமிஷம்தான், நீ போ இங்குன்" என்று
காகிதத்தில் எழுதிக் காட்டினார்.
தொழிற்சாலையில் நண்டுக் கால் ஒடிக்கிறவள் நான்.
பாடம் நடத்தி வழக்கமில்லை.

வார்டோவில் டிசம்பர்.
சூரியன் போய் மூன்று வாரம்.
பதினோரு மணிக்கு ஜன்னல் கொஞ்சம் நீலமாகும்,
பிறகு அதுவும் மனசு மாறிவிடும்.
ஏழு பிள்ளைகள்.
வெப்பக்குழாயின் மேல் ஏழு ஜோடி ஈரக் காலுறை.

பலகையில் எழுதினேன்:
கடவுள் நம் பிதா.

"பிதான்னா?"
தீரிலுக்கு ஆறு வயசு, முன்பல் இல்லை.
"அப்பா."
"அப்புறம் ஏன் அப்பான்னு எழுதல?"
அழித்து எழுதினேன்.

"எங்க அப்பா மீன்பிடிக் கப்பல்ல."
"எங்க அப்பா வில்னியஸ்ல. போன்ல இருக்கார்."
ருகிலே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.
இந்த ஊரில் பாதி அப்பாக்கள்
போனில்தான் இருக்கிறார்கள்.

எஸ்கில் மட்டும்
மேசை விளிம்பில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.
"அப்பான்னா எனக்கு வேணாம்."

அவன் வீட்டுக் கதவை ஊருக்கே தெரியும்,
இரண்டு தடவை கீல் மாற்றிய கதவு.

தயாராக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
"அப்பா அடித்தாலும் நம் நல்லதுக்கே" என்று தொடங்குவது.
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விழுங்கினேன்.
நண்டு ஓடு மாதிரி கீறிக்கொண்டு இறங்கியது.

"அந்த மாதிரி அப்பா இல்ல, எஸ்கில்."
"வேற எந்த மாதிரி?"

வெப்பக்குழாய் டொக் டொக்கென்றது.
எனக்கு என்ன தெரியும்.

தீரில்தான் பேசினாள், அவள்பாட்டுக்கு:
"எங்க படகுக் கொட்டகைக்குக் கீழ ஒரு கடல்வாத்து.
தன் நெஞ்சு முடியத் தானே பிச்சுப் பிச்சு
முட்டைக்கு மெத்தை போட்டுச்சு.
நெஞ்சே வழுக்கையாயிடுச்சு தெரியுமா!"
"ஆண் வாத்து?"
"அது முன்னாடியே பறந்து போயிடும்."

எஸ்கில் நிமிர்ந்தான்.
"கடவுள் அந்த அம்மா வாத்தா இருக்கலாமா?"

ஏழு முகமும் என் பக்கம்.
தாய் தேற்றுவதுபோலத் தேற்றுவேன் என்று
வேதத்தில் எங்கோ உண்டு.
எந்தப் பக்கம் என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன்.
"இருக்கலாம்" என்றேன்,
தொண்டை கட்டியவரிடம் கேளாமலே.

அவன் பலகைக்குப் போனான்.
அப்பா என்ற சொல்லை அழிப்பான் என்று நினைத்தேன்.
அழிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு வாத்து வரைந்தான்,
உடம்பெல்லாம் கிறுக்கி,
நெஞ்சில் மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக விட்டு.

"ஆனா அது பேச மாட்டேங்குது" என்றது
கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல்.
"நேத்து ராத்திரி எவ்வளவோ சொன்னேன். ஒண்ணும் வரல."

ருகிலே யோசித்தாள்.
"கடலுக்கு அடியில சுரங்கத்துல போறப்ப
எங்க பழைய வண்டியில ரேடியோ நின்னுடும்.
கர்ர்ருன்னு.
நான் பயந்துடுவேன்.
அம்மா பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருப்பா."

அவ்வளவுதான் சொன்னாள்.
மேற்கொண்டு நானும் விளக்கவில்லை.
விளக்கியிருந்தால் கெடுத்திருப்பேன்.

அம்மாக்கள் வந்தார்கள், ஒரேயொரு அப்பாவும்.
இருட்டில் சட்டைகளின் ஒளிப்பட்டைகள் மட்டும்
தனியாக நடந்து வந்தன.
எஸ்கிலின் காலுறை இன்னும் காயவில்லை.
என்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டேன்.
அவனுக்கு முழங்கால்வரை வந்தது.
"கடிக்குது" என்றான்.
"கம்பளி அப்படித்தான்" என்றேன்.

என் வீடு அக்கரையில்.
பூட்ஸுக்குள் வெறுங்கால்,
மிதிகட்டை ஐஸாக இருந்தது.
சுரங்கம் இறங்க இறங்க
வானிலை அறிக்கை நடுவாக்கியத்தில் அறுந்தது:
நாளை காற்று, வடகிழக்கிலிருந்து...

கர்ர்ர்.

தலைக்கு மேல் முழுக் கடல்.
கை பொத்தான்வரை போனது.
அணைக்கவில்லை.