பத்து மணி என்றால்

ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குத் தந்த வேலை
வீடு வீடாய்ப் போய்ச் சொல்வது:
"காலமை பத்து மணிக்கு ஒரு சத்தம் கேக்கும்.
பயப்பிடாதேங்கோ. அது கோச்சி."

மாங்குளம் தொடங்கிப் பனிக்கன்குளம் வரை
நூற்றிப் பதினான்கு படலைகள்.
முப்பதுக்கு மேல் நாய்கள்.

எஞ்சின் சின்னது.
ஏதோ ஆலையில் மூட்டை இழுத்ததாம்.
நாங்கள் கண்டபோது
புகைபோக்கிக்குள் உடும்பு குடியிருந்தது.
மூன்று வருஷம், சனி ஞாயிறு மட்டும்.
சம்பளம் இல்லை, பிளேன்ரீ உண்டு,
சீனி அவரவர் கொண்டுவர வேண்டும்.

ரஜீவரன் கண்ணிவெடி எடுத்த பெடியன்.
அந்த வேலை முடிந்த பிறகும்
முழங்காலில்தான் இருந்து கறல் துடைப்பான்.
மண்ணுக்குள் ஒரு ஆணி தட்டுப்பட்டால்
கையை உயர்த்தி எல்லாரையும் மறிப்பான்.
நாங்கள் சிரிப்போம்.
சிரித்துக்கொண்டே அசையாமல் நிற்போம்.

பேக்கரிகளுக்குப் போறணைக் கதவு ஒட்டும் மரியதாஸ்
பொயிலருக்கும் வந்து ஒட்டினார்.
"பாண் கருகினால் கோழிக்குப் போடலாம்,
இது பிழைச்சால்…" என்று நிறுத்திவிட்டு
இன்னொரு குச்சி கேட்டார்.

முன்னூறு மீற்றர் தண்டவாளம் வேணும்.
பழைய தண்டவாளம் எங்கே போனது என்று
வன்னியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
பங்கருக்கு மேலே கிடந்தது.
பங்கர் மூடியபின் கிணற்றுக்குக் குறுக்கே,
சைக்கிள் கடைக்கு முண்டாய்,
மாதா கோயில் மணிக்குத் தோளாய்.
கேட்டோம். தந்தார்கள்.
அளந்து வெட்டி, திரும்ப அளந்து,
இருநூற்றி எழுபதில் நின்றுபோனது.

அற்புதமலரக்கா தரவில்லை.
அவவின் மாட்டுக்கொட்டிலுக்கு அதுதான் நடுத்தூண்.
"இதுக்குக் கீழ பதினொரு பேர் இருந்தனாங்கள்.
இப்ப மாடு நிக்குது. நிக்கட்டும்."
நோட்டீசை வாங்கி, வெறும்பக்கத்தைப் பார்த்துவிட்டு
"பத்து மணி எண்டால் பத்தோ?" என்றா.
"பத்துத்தான் அக்கா."
"அப்ப பத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டிருப்பன்."

ஞாயிறு.
ஐஸ்கிறீம் வான் பாட்டோடு வந்து நின்றது.
யசோதினி ரிக்கற் கட்டைப் பிரிக்க முன்னமே
வரிசை வீதி வரை நீண்டது.
பாலை விறகு வெடித்து எரிந்தது,
ஊசி ஏறவில்லை.
ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்தைந்து.
குகனேசன் கண்ணாடியைத் தட்டினார்,
காலநிலையைத் திட்டினார்,
"இன்னும் அரை மணித்தியாலம்" என்றார்.
ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது.
"பிந்துது, அப்ப உண்மையான கோச்சிதான்!"
சனம் சிரித்தது.

பனிக்கன்குளத்தில் ஒருத்தி
வராத சத்தத்துக்குக்
காதைப் பொத்திக்கொண்டிருப்பா என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

சைக்கிளை எடுத்தேன்.
"எங்கையடி போறாய், இப்ப வெளிக்கிடப் போகுது!"
யசோதினியின் குரல்
ஐஸ்கிறீம் பாட்டோடு கலந்து போனது.
எதிர்க்காற்று. இரண்டு தரம் செயின் கழன்றது.
எஞ்சினுக்குப் பூசின கிறீஸ்
இன்னும் என் நகத்துக்குள் இருந்தது.

கொட்டிலுக்குள், பிளாஸ்ரிக் கதிரையில்,
காதில் பஞ்சு, பஞ்சின் மேல் இரண்டு கையும்.
கண் மட்டும் திறந்திருந்தது.
கை காட்டினேன். பஞ்சை எடுத்தா.

"பிந்தும் அக்கா. பத்தரையாகும்."
"அதைச் சொல்லவோ வந்தனீ?"
"ஓம்."
என்னை ஏற இறங்கப் பார்த்தா.
"பத்தரை எண்டால் பத்தரையோ?"
"தெரியாது," என்றேன்.

அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும்.
கேத்தில் வைக்க எழும்பினா.
பஞ்சு கதிரையிலேயே கிடந்தது.

அப்போதுதான் கேட்டது,
மெல்லியதாய், நீளமாய்,
நடுவில் நீராவி போதாமல்
பெடியன்களுக்குக் குரல் உடைவது போல் உடைந்து.
மாடு தலையைத் தூக்கிக் கயிற்றை இழுத்தது.
தூண் அசையவில்லை.

குசினி வாசலில் நின்று
மணிக்கூட்டைப் பார்த்தா.
"பத்து நாப்பத்தொண்டு," எண்டா.
"எழுதி வை."