கடைசி வீட்டுக்குத் தபால்

எட்சலில் வேனைக் கிளப்பும்போது மைனஸ் நாலு.
மேலே போகப் போக இன்னும் குறையும்.
கல்லுக்கு மட்டும் கணக்குத் தலைகீழ்:
எஸ்க் ஆற்றை எதிர்த்து ஏற ஏற
அது பார்த்த சூடு கூடுகிறது.

ஏப்ரலில் சுத்தியலோடு வந்த மாணவி,
பள்ளத்தில் சிக்கிய அவள் காரைக்
கயிறு கட்டி இழுத்ததற்கு நன்றியாகச்
சொல்லிவிட்டுப் போனாள்:
எல்லாம் ஒரே சேறுதான், எல்ஸ்பெத்.
ஏதோ ஒரு பழைய கடலின் அடிச்சேறு.
நிலங்கள் முட்டிக்கொண்டபோது
எது எவ்வளவு ஆழம் போயிற்றோ
அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாசல். மின்கட்டண ரசீது.
சுவர்க்கல் பச்சை; ஏடு ஏடாகப் பிளக்கும்.
சும்மா ஒரு அமுக்கு அமுக்கியதோடு சரி.

பாலம் தாண்டிக் கிர்ஸ்டிக்கு விதைப் பட்டியல்.
அவள் படிக்கல்லில் கறுத்த காக்காப்பொன்.
அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்கே
ஒவ்வொரு செதிலும் படுத்துக்கொண்டதாம்,
நெரிசல் பேருந்தில் நாம் ஒருக்களிப்பது போல.

பிறகு கார்னெட்.
ஆட்டுப்பட்டிச் சுவரில் மிளகளவு சிவப்பு,
பக்கத்தில் இருந்ததையெல்லாம் தின்று
கல்லுக்குள்ளேயே வளர்ந்தது.
உருகவில்லை என்று இரண்டு தரம் சொன்னாள்.
உருகியிருந்தால் வேறு கல், வேறு கதை.
கெட்டியாக இருந்தபடியே
அணு அணுவாக இடம் மாறி உட்கார்ந்தது.
லட்சக்கணக்கான வருஷம். ஒரு சத்தம் இல்லை.

சத்தம் இல்லை என்றதும்
எனக்கு நினைவு வந்தது கடைசி வீடுதான்.
வாட்டியும் அவன் அண்ணன் கோலமும்
ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
ஒரே அடுப்பு, இரண்டு கெட்டில்.
டண்டீ வக்கீல் எழுதும் கடிதங்களை
தனித்தனி உறையில் நான்தான் கொடுப்பேன்.
அவர்கள் வாசற்கல்லில்
நரைமயிர் போல வெள்ளை இழைகள்:
அறுநூறு டிகிரிக்கு மேல் கண்டது.
கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்.
பனிக்கட்டி.

இன்று வந்தது
கோலமின் காதுக்கருவிக்குப் பேட்டரி.
கதவைத் திறந்தவன் வாட்டி.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு உள்ளே முகம் திருப்பி
'கோலம்' என்றான்.
காது கேட்காதவனுக்கு எப்படிக் கேட்கும்?
இன்னொரு தரம், உரக்க.

நான் நிற்கவில்லை. தபாலுக்கு நேரமிருக்கிறது.
இறக்கத்தில் மறுபடி கார்னெட், காக்காப்பொன், பச்சை.
மேலேறி வந்த கல் மட்டும்
பழைய சேறாக ஆவதில்லையாம்;
சூட்டில் அதன் தண்ணீர் எப்போதோ போய்விட்டது.
ஹீட்டரை முழுசாகத் திருகினேன்.
விரல் இன்னும் விறைத்தே இருந்தது.